‘மூன்’ படத்துக்குக் கருணை மதிப்பெண் வேண்டாம்

2009-இல் வந்த ‘மூன்’ என்ற பிரிட்டிஷ் படத்தைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் முதலில் வந்து விழுவது அதன் செலவுக் கணக்குதான். 50 லட்சம் டாலர். 33 நாள் படப்பிடிப்பு. லண்டனை ஒட்டிய ஷெப்பர்ட்டன் ஸ்டூடியோவில் போட்ட அரங்கு. ஏறக்குறைய முழுப் படத்திலும் ஒரே நடிகர். விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த டங்கன் ஜோன்ஸுக்கு அது முதல் முழுநீளப் படம். இவ்வளவையும் அடுக்கிவிட்டு, “இந்தக் காசுக்கு இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம்” என்று முடித்துவிடுவார்கள். உலக சினிமாப் பட்டியல் போடுகிறவர்களும் ‘குறைந்த செலவில் எடுத்த நல்ல படங்கள்’ வரிசையில் இதற்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள்.

இந்தப் பாராட்டை நான் ஏற்கவில்லை. முப்பத்து மூன்று வாங்கிய பையனுக்கு இரண்டு சேர்த்துப் போட்டுத் தேற்றிவிடும் வாத்தியாரின் பெருந்தன்மை இதில் இருக்கிறது. பணம் இருந்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும், பாவம், கிடைத்ததை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள் என்பதுதான் அதன் உட்பொருள். அந்தக் கணிப்பு அடிப்படையிலேயே தவறு. ‘மூன்’ படத்தில் சிக்கனம் என்பது மூடி மறைக்கவேண்டிய வறுமை இல்லை. அதுதான் கதையே. சிக்கனம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை, சிக்கனத்தாலேயே கட்டிக் காட்டிய படம் இது. பத்து மடங்கு பணம் கொடுத்திருந்தால் ஜோன்ஸால் இந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது.

கதையைக் கம்பெனியின் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்ப்போம். பூமியின் எரிசக்திப் பஞ்சம் தீர்ந்துவிட்ட காலம். நிலவின் மறுபக்கத்து மண்ணிலிருந்து ஹீலியம்-3 என்ற வாயுவைப் பிரித்தெடுத்துப் பூமிக்கு அனுப்புகிறது லூனார் இண்டஸ்ட்ரீஸ். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று பெயரிட்ட அறுவடை இயந்திரங்கள் இரவு பகலாக மண்ணைக் கிளறுகின்றன. அவற்றை மேய்க்க ஒரே ஓர் ஆள், சாம் பெல். மூன்று வருஷ ஒப்பந்தம். துணைக்கு ஜெர்ட்டி என்ற கணினி. பூமியோடு நேரடித் தொடர்பு பழுதாகிவிட்டதாம். பதிவுசெய்த செய்திகள் மட்டும் வரும், போகும். ஒப்பந்தம் முடிய இரண்டு வாரம் இருக்கையில் ஒரு விபத்து நடக்கிறது. மருத்துவ அறையில் கண்விழிக்கும் சாம், வெளியே விபத்தில் சிக்கிக் கிடக்கும் வண்டிக்குள் இன்னொரு சாமைக் கண்டுபிடிக்கிறான். தளத்துக்கு அடியில் இழுப்பறை இழுப்பறையாக அடுக்கி வைத்திருப்பது இன்னும் எத்தனையோ சாம்களை. எல்லாரும் நகல்கள். மூன்று வருஷத்தில் உடல் அழுகத் தொடங்கும்படி ஆக்கப்பட்டவர்கள். ‘ஊருக்குத் திரும்பும் பெட்டி’ என்று அவர்கள் நம்பி ஏறிப் படுப்பது எரியுலை.

இனி கணக்கைப் பாருங்கள். ஒருவனை ஒரே ஒரு முறை தேர்ந்தெடுத்தாயிற்று. ஒரே ஒரு முறை பயிற்சி கொடுத்தாயிற்று. அவனுடைய மனைவி டெஸ், கைக்குழந்தை ஈவ், அவன் ஊர், அவன் கோபதாபம் எல்லாவற்றையும் நினைவாகப் பிரதியெடுத்து வைத்தாயிற்று. அதற்குப் பிறகு ஆள்மாற்றுச் செலவு, திரும்பும் பயணச் செலவு, ஓய்வூதியம், இழப்பீடு எதுவும் கிடையாது. ஒரு தொழிலாளிக்கான செலவில் ஒரு தலைமுறைத் தொழிலாளர்களை ஓட்டுகிறது கம்பெனி. ஒரு நடிகரை வைத்தே மொத்தப் படத்தையும் ஓட்டவேண்டிய தயாரிப்பாளரின் கணக்கும் இதேதான். அந்த நெருக்கடியை எப்படி மறைக்கலாம் என்று ஜோன்ஸும் திரைக்கதை எழுதிய நேத்தன் பார்க்கரும் யோசிக்கவில்லை. அதே நெருக்கடியைக் கதைக்குள் ஒரு கம்பெனியின் கையில் கொடுத்து, அது எவ்வளவு கொடூரமாகும் என்று காட்டினார்கள்.

அரங்கைப் பற்றியும் அனுதாபக் குரலில்தான் பேசுகிறார்கள். தளம் பதுங்குகுழி போல இருக்கிறது, இரண்டு கூடமும் நான்கு கதவும்தான் என்கிறார்கள். படத்தை நாசாவின் ஹூஸ்டன் மையத்தில் திரையிட்டபோது இதே கேள்வி எழுந்ததை ஜோன்ஸ் சொல்லியிருக்கிறார். எடை குறைவான நேர்த்தியான அமைப்பாக இல்லாமல் ஏன் இப்படித் தடித்த சுவர்களோடு இருக்கிறது என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் பூமியிலிருந்து சுமந்துபோவதைவிட அங்கே கிடைப்பதை வைத்துத்தானே கட்டுவார்கள் என்றார் அவர். நிலவு மண்ணிலேயே கான்கிரீட் செய்வதைப் பற்றித்தான் தான் வேலை செய்துகொண்டிருப்பதாகப் பார்வையாளர்களில் ஒரு பெண்மணி அப்போது சொன்னாராம். அது வெறும் கற்பனையும் இல்லை. அப்போலோ 16 கொண்டுவந்த மண்ணில் 40 கிராமை 1986-இல் நாசா டி. டி. லின் என்ற பொறியாளருக்குக் கொடுத்து, அதில் கான்கிரீட் செய்து பார்த்திருக்கிறது. ஏழ்மை என்று நாம் நினைத்த அந்தச் சுவர் பொறியியல்படி சரியான சுவர்.

அரங்குக்குள் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஜெர்ட்டி என்பது கூரைத் தண்டவாளத்தில் தொங்கியபடி நகரும் ஒரு பெட்டி. முகம் இருக்கவேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத் திரை, அதில் மஞ்சள் வட்டமாகச் சிரிப்போ வருத்தமோ குழப்பமோ தெரியும். பெட்டியில் அழுக்கு ஏறியிருக்கிறது. முதுகில் யாரோ ஒரு குறிப்புத் தாள் ஒட்டியிருக்கிறார்கள், ‘என்னை உதை’ என்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டுவார்களே, அது. யார் ஒட்டியது என்று படம் சொல்வதில்லை. இப்போதிருக்கும் சாமா, அவனுக்கு முந்தியவனா, அதற்கும் முந்தியவனா? முதல் முறை பார்க்கும்போது கண்ணில் படாமலே போகும் இந்தத் தாள், இரண்டாவது முறை பார்க்கும்போது நெஞ்சை அடைக்கிறது. இதே இடத்தில் இதே அலுப்போடு எத்தனை பேர் நடந்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. பெரிய செலவில் பளபளவென்று போட்ட அரங்கில் இப்படி ஒரு தாள் ஒட்டவே ஒட்டாது.

வெளியே நிலவின் தரையில் ஓடும் வண்டிகளும் அறுவடை இயந்திரங்களும் மாதிரிப் பொம்மைகள். ‘ஏலியன்’ படத்துக்கு மாதிரிகள் செய்த பில் பியர்சன்தான் அந்த வேலைக்குப் பொறுப்பு. பொம்மைகளை வைத்துப் படம்பிடித்து, பிறகு கணினியில் புழுதியும் தொலைவும் சேர்த்தார்கள். அது மலிவான வழிதான். ஆனால் அந்த இயந்திரங்களுக்கு ஒரு கனம் இருக்கிறது. கல்லும் மண்ணுமாகப் பின்னால் வாரி இறைத்துக்கொண்டு அவை ஊர்ந்து போகும்போது, இது ஒரு சுரங்கம், இங்கே வேலை நடக்கிறது என்று கண் நம்பிவிடுகிறது.

பணம் அதிகம் கிடைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேறெங்கும் போகவேண்டாம். இரண்டு வருஷம் முன்பு, 2007-இல், அதே பிரிட்டனிலிருந்து ‘சன்ஷைன்’ வந்தது. இயக்கம் டேனி பாயில். பல மடங்கு செலவு, எட்டுப் பேர் கொண்ட கப்பல், அணைந்துகொண்டிருக்கும் சூரியன். முதல் பாதி அபாரமான படம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய காட்சிக்கு ஈடான ஒரு முடிவு வேண்டுமே என்று, கடைசியில் உடல் கருகிய பழைய தளபதி ஒருவன் கையில் கத்தியோடு கப்பலுக்குள் புகுந்துவிடுகிறான். ‘மூன்’ படத்தில் துரத்துகிறவன் என்று ஒருவனும் இல்லை. மேலதிகாரிகள் இரண்டு பேர் திரையில் வந்து மரியாதையாகப் பேசிவிட்டுப் போகிறார்கள். சாமைக் கொல்ல வரும் குழுவைக்கூடப் பழுது பார்க்கும் குழு என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். கத்தியைவிட அந்த மரியாதைதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அடுத்த குற்றச்சாட்டு தர்க்கத்தின் பேரில் வருகிறது. நகல் மனிதர்களை உருவாக்கி, நிலவுத் தரைக்கு அடியில் ஒளித்து, நினைவுகளை ஏற்றி, தொலைத்தொடர்பை மறிக்கக் கோபுரங்கள் கட்டி, இவ்வளவு பாடுபடுவதற்கு நாலு பேரை வேலைக்கு வைத்து முறை மாற்றி அனுப்பினால் மலிவாக முடியுமே என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிக் கேட்கிறவர்கள், உயிரோடு ஓர் ஆளை நிலவுக்கு அனுப்பி உயிரோடு திருப்பிக் கொண்டுவருவதன் விலையை மறந்துவிடுகிறார்கள். அப்போலோ திட்டத்துக்கு அமெரிக்கா அந்தக் கால மதிப்பில் சுமார் 2,500 கோடி டாலர் செலவழித்தது. நிலவில் கால் வைத்தவர்கள் 12 பேர். மிக அதிக நேரம் தங்கியது 1972 டிசம்பரில் போன அப்போலோ 17. அதுவும் 75 மணி நேரம்தான். சாம் பெல் தங்குவது மூன்று வருஷம். ஆள் மாறும்போதெல்லாம் ஒரு பயணம், அந்தப் பயணத்துக்கு எரிபொருள், மூச்சுக்காற்று, காப்பீடு. போதாததற்கு, திரும்பி வருகிறவன் வாய் திறந்து பேசுவான். முழுக்க இயந்திரங்களையே வைத்து ஓட்டியிருக்கலாமே என்பார்கள். ஓட்டத்தான் செய்கிறார்கள், அவை நின்றுபோகும்போது போய்ப் பார்க்க ஒரு கை வேண்டியிருக்கிறது. அந்தக் கையை எவ்வளவு மலிவாக வாங்கலாம் என்பதுதான் கம்பெனியின் முன் இருந்த கேள்வி.

ஹீலியம்-3 சங்கதியும் இயக்குநர் வாய்க்கு வந்தபடி சொன்னது கிடையாது. ராபர்ட் ஸுப்ரினின் புத்தகத்தைப் படித்துத்தான் அந்த யோசனை வந்தது என்று ஜோன்ஸே சொல்லியிருக்கிறார். சூரியக் காற்று கோடிக்கணக்கான வருஷங்களாக நிலவின் மேல்மண்ணில் கொண்டுவந்து படியவைத்த வாயு அது. இருப்பதோ நூறு கோடிப் பங்கில் சில பங்கு. ஒரு கிலோ வேண்டுமென்றால் லட்சம் டன் கணக்கில் மண்ணைக் கிளறிச் சூடாக்க வேண்டும். அப்போலோ 17-இல் போய் நிலவில் நடந்த புவியியலாளர் ஹாரிசன் ஷ்மிட் இந்த வாயுவுக்காகவே திரும்பிப் போகவேண்டும் என்று 2006-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதை எரிக்கும் இணைவு உலை இன்றுவரை யாரிடமும் இல்லை என்பது உண்மை. ஆனால் எடுக்கும் முறை படத்தில் காட்டுவதுபோலத்தான் இருக்கும். பெருநிலப்பரப்பை மெதுவாக மேய்ந்துகொண்டே போகும் இயந்திரங்கள், அலுப்பான வேலை, நடுவே ஓர் ஆள்.

ஒரு குறையை நானும் ஒத்துக்கொள்கிறேன். தளத்துக்குள் சாம் பூமியில் நடப்பதுபோலவே நடக்கிறான். நிலவின் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான். மேசைப் பந்து விளையாடும் காட்சியில் பந்து அப்படித் துள்ளக்கூடாது. சரி, தவறுதான். ஆனால் காசில்லாததால் வந்த தவறு என்று இதைச் சொல்லும்போது மறுக்கவேண்டியிருக்கிறது. குப்ரிக்கின் ‘2001’ படத்தில் கிளேவியஸ் நிலவுத் தளத்தில் நடக்கும் கூட்டத்தைப் பாருங்கள். அங்கேயும் எல்லாரும் அலுவலகத்தில் நடப்பதுபோலத்தான் நடந்துபோய் உட்காருகிறார்கள். 1968-இல் ஒரு கோடி டாலருக்கு மேல் செலவழித்த படம் அது. அந்தப் பெரிய படத்துக்கு மன்னித்ததைச் சின்னப் படத்தில் சுட்டிக்காட்டிச் சிரிப்பது நேர்மையில்லை.

‘2001’ என்றதும் அடுத்தது வந்துவிடும்: இது பழைய படங்களின் சாயலில் பிழைக்கும் படம், ஜெர்ட்டி என்பது ‘2001’ படத்து ஹால் கணினியின் நகல் என்று. சாயல் இருக்கிறது, ஒளித்தும் வைக்கவில்லை. ‘2001’ படத்தின் ஒற்றைக்கல் தோண்டியெடுக்கும் காட்சியை எடுத்ததும் ஷெப்பர்ட்டனில்தான், ‘ஏலியன்’ எடுத்ததும் அங்கேதான். அந்தத் தொழில்மரபில் வந்த பிள்ளை இது. ஆனால் ஜெர்ட்டியை வைத்து ஜோன்ஸ் செய்திருப்பது போலிசெய்தல் இல்லை. ஜெர்ட்டிக்காகப் பேசிய கெவின் ஸ்பேஸியின் அந்த ஏற்ற இறக்கமில்லாத குரலைக் கேட்டதும், ஹாலைப் பார்த்துப் பழகிய நாம் இது எப்போது கழுத்தை அறுக்கும் என்று காத்திருக்கிறோம். பழைய பதிவுகளைப் பார்க்கச் சாம் கடவுச்சொல்லைத் தட்டித் தட்டித் தோற்கிறான். அப்போது ஜெர்ட்டியின் இயந்திரக் கை மெல்ல நீண்டு, தானே கடவுச்சொல்லை அடிக்கிறது. திரை திறக்கிறது. சாமைப் பார்த்துக்கொள் என்பது அதற்கிட்ட கட்டளை. எந்தச் சாமை என்று எழுதிவைக்கக் கம்பெனிக்குத் தோன்றவில்லை. எழுந்து நிற்கும் ஒவ்வொருவனும் அதற்குச் சாம்தான். கடைசியில் தன் நினைவகத்தை அழித்துவிடு, அதில் உன்னைக் காட்டிக்கொடுக்கும் பதிவுகள் இருக்கின்றன என்று அதுவே யோசனை சொல்கிறது. கருணை கம்பெனிக் கட்டளைக்குள்ளிருந்த ஓட்டை வழியாக வந்தது. ஹாலிடம் இதைத் தேடினால் கிடைக்காது.

இதுவரை சொன்னவை சில்லறைச் சண்டைகள். பெரிய சண்டை, இந்தப் படத்தைப் புகழ்கிறவர்களோடுதான். தனிமையைப் பற்றிய படம், ‘நான் யார்’ என்று கேட்கும் தத்துவப் படம் என்று அவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஜோன்ஸ் தத்துவம் படித்தவர் என்பது அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. படத்தைப் பாருங்கள். தங்களில் யார் நிஜச் சாம் என்ற கேள்வியில் இந்த இருவரும் எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள்? மிகக் குறைவு. பழையவன் மூன்று வருஷத்தில் பதமாகிப்போனவன். செடிகளோடு பேசுகிறான், தன் ஊரை மரத்தில் செதுக்கிக்கொண்டிருக்கிறான். புதியவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு விறைப்பாகத் திரிகிறான்; மனைவியைப் பிரிந்து நிற்கக் காரணமான முன்கோபம் அவனிடம் இன்னும் தணியவில்லை. முதலில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ரகசிய அறையைத் தேடும் வேகத்தில் புதியவன் அந்த மர ஊரின்மேல் கைவைக்க, கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள், பழையவனுக்கு மூக்கிலிருந்து ரத்தம் கொட்டுகிறது. அந்த ரத்தத்துக்குப் பிறகுதான் கோபம் திசை மாறுகிறது. ஒருவனையொருவன் வெறுப்பதை விட்டுவிட்டு, தங்களை இங்கே வைத்தவர்கள் யார் என்று இருவரும் சேர்ந்து கேட்கத் தொடங்குகிறார்கள். இதற்குப் பெயர் தத்துவ விசாரம் இல்லை. ஒரே முதலாளியிடம் வேலை பார்க்கும் இரண்டு பேர் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வது.

சாம் பெல்லாக வரும் சாம் ராக்வெல்லின் நடிப்பைப் பேசுகிறவர்களும் இரட்டை வேட வித்தை என்ற அளவில் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பாத்திரத்தை நடித்து முடித்து, ஒப்பனை மாற்றி, எதிரே ஒரு மாற்றாளை நிறுத்தி, அதே காட்சியை மறுபக்கத்திலிருந்து நடித்த உழைப்பு பெரியதுதான். ஆனால் அவர் சாதித்தது, முகத்தில் ஒரே மனிதனின் மூன்று வருஷ இடைவெளியைக் காட்டியது. பல் கழன்று கையில் வருவதைப் பார்க்கும் பழையவனின் முகத்தில் வலியைவிட அதிகமாகத் தெரிவது, ஏமாற்றப்பட்டவனின் அவமானம்.

பழையவன் வண்டியை எடுத்துக்கொண்டு மறிப்புக் கோபுரங்களைத் தாண்டிப் போய் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும் காட்சிக்கு வருவோம். கைக்குழந்தை என்று அவன் நம்பியிருக்கும் ஈவ், பதினைந்து வயதுப் பெண்ணாகத் திரையில் வருகிறாள். அம்மா இறந்துவிட்டாள் என்கிறாள். பின்னாலிருந்து ஒரு ஆண்குரல் யார் அது என்று கேட்கிறது, அது சாமின் குரல். இணைப்பைத் துண்டித்துவிட்டு, வண்டிக்குள் குறுகி உட்கார்ந்து, போதும், வீட்டுக்குப் போகவேண்டும் என்று அழுகிறான். இதைப் பார்த்துவிட்டு ‘அடையாளச் சிக்கல்’ என்று குறிப்பெழுத எப்படி மனம் வருகிறது? இங்கே சிக்கலே இல்லை. சம்பளம் சேர்கிறது, வீட்டில் காத்திருக்கிறார்கள், இன்னும் இரண்டு வாரம்தான் என்று சொல்லி ஒருவனிடம் வேலை வாங்கியிருக்கிறார்கள். சேரவில்லை, காத்திருக்கவில்லை, அந்த இரண்டு வாரத்துக்குப் பின்னால் உலைதான் இருந்தது.

முடிச்சு சீக்கிரமே அவிழ்ந்துவிடுகிறது என்று குறைப்படுகிறவர்களுக்கும் இதுவே பதில். நகல் என்ற செய்தியை முதல் பாதியிலேயே போட்டு உடைத்துவிட்டு, மீதி நேரம் முழுவதையும் அதைத் தெரிந்துகொண்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்குப் படம் ஒதுக்குகிறது. செய்வது என்ன? சாகப்போகிறவன், வருகிற குழு கண்டுபிடிப்பதற்காகத் தானே விபத்தில் சிக்கிய வண்டிக்குள் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்கிறான். தப்பிப் போகிறவன், வாயு அனுப்பும் கலத்தில் ஏறுவதற்கு முன் ஓர் அறுவடை இயந்திரத்தைத் திருப்பிவிட்டு மறிப்புக் கோபுரத்தை இடித்துச் சாய்க்கிறான். தனக்குப் பின் கண்விழிக்கப்போகிறவனுக்காவது உண்மை போய்ச்சேரட்டும் என்று. முகம்கூடப் பார்க்காத அடுத்த தொழிலாளிக்காகச் செய்த வேலை அது. 2010-இல் ஹ்யூகோ விருதுக்கு ‘அவதார்’ எதிரே நின்றபோது வாக்களித்தவர்கள் ‘மூன்’ பக்கம் சாய்ந்தது இந்தக் கதைக்காகத்தான் என்று நான் நம்புகிறேன். அனுதாப வாக்கு என்று அதைச் சொல்வதை ஏற்கமாட்டேன்.

கடைசியாக, கலம் பூமியின் காற்றுமண்டலத்தில் நுழையும்போது ஒலிக்கும் வானொலிக் குரல்களைப் பற்றி. அவை தேவையில்லாத ஒட்டு, அமைதியாக முடித்திருக்கலாம் என்பது பலர் கருத்து. அந்தக் குரல்களை எடுத்துவிட்டால் படம் பொய்யாகிவிடும். தப்பி வந்தவன் சாட்சி சொல்கிறான், கம்பெனியின் பங்கு விலை சரிகிறது என்று ஒரு குரல் செய்தி வாசிக்கிறது. இன்னொரு குரல், ஒன்று அவன் பைத்தியமாக இருக்கவேண்டும், இல்லையேல் கள்ளத்தனமாக நாட்டுக்குள் நுழைந்தவனாக இருக்கவேண்டும், எப்படியானாலும் பிடித்து உள்ளே போடுங்கள் என்கிறது. உழைப்பைக் கொள்ளையடித்தவர்கள்மேல் புகார் சொல்ல வந்தவனிடம் முதலில் கேட்பது அவனுடைய காகிதங்களைத்தான் என்பதை ஜோன்ஸ் தெரிந்தே வைத்திருக்கிறார். அந்தக் குரலைப் பதிவுசெய்ய ஒரு ஒலிவாங்கிக்கு மேல் எதுவும் தேவைப்பட்டிருக்காது.